பட்டன் அமுக்க மூணு வருஷமா?

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் போயிருந்தோம். ஆர்.கே.புரத்தில் இருக்கும் நம்ம சுவாமிநாத சுவாமி கோயில்தான். தில்லித் தமிழர்களுக்கு அது வெறும் கோயிலா என்ன? வரன் பார்க்கிற இடம், வாடகைக்கு வீடு விசாரிக்கிற இடம், காலேஜ் அட்மிஷன் ஆலோசனைக் கூடம், எல்லாம் அங்கேதான். :)

தரிசனம் முடிந்து பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தோம். பழைய காலனியில் எங்களுக்கு மேல் ஃப்ளாட்டில் குடியிருந்த மாமி பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பேத்தி பன்னிரண்டாவது முடித்துவிட்டாளாம். நீட் மார்க் போதவில்லை. பி.எஸ்சி. ரேடியோகிராஃபிதான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதமாம்.

"நீ அந்த வேலையிலதானேம்மா இருக்கே, நீயே சொல்லு. எக்ஸ்ரே மெஷின்ல பட்டன் அமுக்கறதுக்கு எதுக்கு மூணு வருஷம் படிக்கணும்?"

அதோடு விடவில்லை. கொஞ்சம் கிட்டே நகர்ந்து, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டார். "பின்னாடி கொழந்தை கிழந்தை பொறக்கறதுல ஒண்ணும் தொந்தரவு வராதே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த இரண்டாவது கேள்வி எனக்குப் பழக்கமானது. 1992-ல் என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பத்தில் இரண்டு குடும்பம் இதே கேள்வியோடு எழுந்து போனது. மூன்றாவது குடும்பம் கேட்கவில்லை, அவர்களோடுதான் தில்லி வந்து சேர்ந்தேன். இரண்டு பையன்கள் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கிறார்கள், அதுவே பதில் என்று மாமியிடம் சொன்னேன். முதல் கேள்விக்குத்தான் பிரசாத வரிசையில் நின்றபடி ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. நூறு வருஷக் கதையை அங்கே வைத்து எப்படிச் சொல்வது? இங்கே சொல்லிவிடுகிறேன்.

1895 நவம்பர் 8-ம் தேதி ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் ராண்ட்கன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். டிசம்பர் 22-ம் தேதி தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார், மோதிரத்தோடு. இது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கும். அதற்கு அடுத்த வருஷம் நடந்ததைத்தான் பாடப் புத்தகம் அதிகம் சொல்வதில்லை.

1896-ல் எக்ஸ்ரே எடுக்க யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை. கண்ணாடிக் குழாயும் மின்சாரச் சுருளும் இருந்தால் போதும். போட்டோ ஸ்டூடியோக்காரர், எலெக்ட்ரிக் கடைக்காரர், டாக்டர், பொருட்காட்சியில் வித்தை காட்டுகிறவர், எல்லோரும் எடுத்தார்கள். அந்தக் காலத்துக் குழாய்க்குள் கொஞ்சம் வாயு மிச்சம் இருக்கும். ஓட ஓட அதன் குணம் மாறிக்கொண்டே போகும். இன்றைக்குக் கதிர் எவ்வளவு ஊடுருவும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரொம்ப சுலபம். தன் கையையே குழாய்க்கும் ஒளிரும் திரைக்கும் நடுவில் நீட்டி, எலும்பு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பார்கள். தோசைக்கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கிறோமே, அது மாதிரி. ஒரு நாளைக்குப் பல தடவை, வருஷக் கணக்காக.

எடிசனிடம் கிளாரன்ஸ் டேலி என்று ஒரு உதவியாளர் இருந்தார். கண்ணாடி ஊதுகிற தொழில் தெரிந்தவர். எக்ஸ்ரே சோதனை எல்லாம் அவர் கையில்தான் நடந்தது, நிஜமாகவே கையில். முதலில் தோல் சிவந்தது, பிறகு புண், பிறகு புற்றுநோய். இரண்டு கைகளையும் படிப்படியாக வெட்டி எடுத்தும் பிழைக்கவில்லை. 1904-ல் போய்விட்டார், 39 வயது. எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே விட்டுவிட்டார்.

எனக்கு டேலியைவிட அதிகம் மனசில் நிற்பவர் எலிசபெத் ஃப்ளைஷ்மன். சான் பிரான்சிஸ்கோவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண். எக்ஸ்ரே பற்றிப் படித்துவிட்டு, மின்சாரம் பற்றி ஆறு மாதம் ஒரு வகுப்புக்குப் போய், சொந்தமாக எக்ஸ்ரே கூடமே வைத்துவிட்டார். பிலிப்பைன்ஸ் சண்டையில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு இவர் எடுத்த படங்கள் ராணுவ டாக்டர்களே மெச்சியவை. நோயாளி பயந்தால், "ஒன்றும் ஆகாது, பாருங்கள்" என்று தானே முதலில் கதிருக்கு முன்னால் நிற்பாராம். 1905-ல் ஒரு கையை எடுத்தார்கள். அதே வருஷம் ஆகஸ்ட்டில் இறந்தார். அந்த ஆறு மாத வகுப்பில் அவருக்கு மின்சாரம் சொல்லிக்கொடுத்தார்கள். கதிரிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லிக்கொடுக்க அன்றைக்கு உலகத்தில் ஆளே இல்லை.

ஹாம்பர்க் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி வளாகத்தில் இப்படிப் போனவர்களுக்கு 1936-ல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். முதலில் 169 பெயர்கள். அப்புறம் சேர்த்துச் சேர்த்து 350-ஐத் தாண்டியது. டாக்டர்கள், விஞ்ஞானிகள், நர்ஸுகள், எங்களைப் போன்ற டெக்னீஷியன்கள், எல்லோரும் அதில் உண்டு.

சரி, வகுப்பு எப்போது ஆரம்பித்தது? எனக்குத் தெரிந்து ஒழுங்கான பாடத்திட்டத்தோடு பெரிய அளவில் நடந்த ஆரம்ப கால வகுப்புகளில் ஒன்று யுத்தத்தில்தான் பிறந்தது. நடத்தியவர் மேரி க்யூரி.

1914-ல் முதல் உலகப் போர் வந்ததும், காயம்பட்ட சிப்பாயை எக்ஸ்ரே இருக்கிற ஊருக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விடுகிறது என்று அந்த அம்மா பார்த்தார். மெஷினை அவனிடம் கொண்டுபோகலாமே என்று கார்களில் எக்ஸ்ரே கருவியை ஏற்றினார். கார் எஞ்சினாலேயே டைனமோ ஓட்டி மின்சாரம். சிப்பாய்கள் அந்த வண்டிகளுக்கு 'குட்டி க்யூரி' என்று பெயர் வைத்தார்கள். இப்படி 20 வண்டி, அது போக ஆஸ்பத்திரிகளில் 200 நிலையான எக்ஸ்ரே அறைகள். மெஷின் சேர்ந்துவிட்டது. இயக்க ஆள்?

1916-லிருந்து பாரிஸில் பெண்களுக்கு வகுப்பு எடுத்தார். போர் முடிவதற்குள் சுமார் 150 பேரைத் தயார் செய்தார். மின்சாரம், எக்ஸ்ரே, உடற்கூறு, இந்த மூன்றும் வகுப்பில். அப்புறம் செய்முறை. இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் முதல் வருஷம் படிப்பதும் ஏறக்குறைய இதுதான். நோபல் பரிசு இரண்டு தடவை வாங்கியவர் உட்கார்ந்து வகுத்த பாடம் என்று மாணவர்களிடம் சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று ஒரு படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. படம் தட்டை, உடம்பு தட்டை இல்லையே. அதனால் குழாயை ஒரு குறிப்பிட்ட தூரம் நகர்த்தி இரண்டாவது தடவை எடுப்பார்கள். குண்டின் நிழல் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால், வடிவொத்த முக்கோணக் கணக்குப் போட்டு ஆழத்தைச் சொல்லிவிடலாம். நம்ம ஸ்கூல் கணக்குதான். ஆனால் ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும் ஒருவனைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைத் தப்பில்லாமல் போட வேண்டும். பட்டன் அமுக்குவதற்கு எதற்குப் படிப்பு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்.

க்யூரியின் மூத்த மகள் ஐரீன் போர் ஆரம்பித்த வருஷம் 17 வயசுப் பெண். அம்மாவோடு போர்முனை ஆஸ்பத்திரிகளுக்குப் போனாள், கொஞ்ச நாளில் தானே பாடமும் நடத்தினாள். மேரி க்யூரி 1934-ல் ரத்த உற்பத்தி நின்றுபோய் இறந்தார். ஐரீன் 1956-ல் ரத்தப் புற்றுநோயில். அவர்கள் ரேடியம், பொலோனியம் என்று வேறு கதிர்களோடும் புழங்கியவர்கள், எல்லாவற்றையும் எக்ஸ்ரே தலையில் கட்ட முடியாது. ஆனால் மாமியின் பேத்திக்கும் அதே 17 வயது. அன்றைக்கு மலை மந்திரில் அதுதான் என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

போருக்குப் பிறகு வேகம் பிடித்தது. 1920-ல் இங்கிலாந்தில் ரேடியோகிராஃபர்களுக்கு ஒரு சங்கம். அதே வருஷம் அமெரிக்காவில் எட் ஜெர்மன் என்பவர் டெக்னீஷியன்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1922-ல் அங்கே பதிவுமுறையும் தேர்வும் வந்தன. (ஜெர்மன் என்பது அவர் பெயர், ஆள் அமெரிக்கர்.) ஒரு படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை வெறும் கண் மதிப்பாகச் சொல்லாமல் கருமை, வேறுபாடு, நுணுக்கம், உருச்சிதைவு என்று நான்காகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நான் படித்தபோதும் இந்த நாலும் பரீட்சையில் பத்து மார்க் கேள்வி!

1921-ல் இங்கிலாந்தில் ஒரு பாதுகாப்புக் குழு சில பரிந்துரைகள் கொடுத்தது. எக்ஸ்ரேயில் வேலை செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஞாயிற்றுக்கிழமையோடு வாரத்தில் இரண்டு அரை நாள் லீவு, அதையும் முடிந்தவரை வெளிக்காற்றில் கழிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு மாதம் விடுமுறை. படிக்கும்போதே ஏக்கமாக இருக்கிறது இல்லையா? :) நல்ல காற்று கதிர் பாதிப்பைச் சரி செய்யாது. ஆனால் கதிரிலிருந்து தள்ளி இருக்கிற நேரம் நல்லது செய்யும். நான் படித்த இடத்தில் ஒரு டார்க் ரூம் அண்ணன் இருந்தார். "தெனம் பாலும் வாழப்பழமும் சாப்புடு தாயி, கதிரு ஒண்ணும் பண்ணாது" என்பார். பால் கால்சியத்துக்கு நல்லது, அவ்வளவுதான். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் கதிர் நாலில் ஒரு பங்காகக் குறையும். பாலை விட அந்தக் கணக்குதான் என்னைக் காப்பாற்றியது.

அப்புறம் 1939. லண்டனில் கே.சி.கிளார்க் என்ற பெண்மணி, எந்த உறுப்பை எப்படிக் கிடத்தி, எந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும் என்று படம் படமாகப் போட்டு ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தார். 'பொசிஷனிங் இன் ரேடியோகிராஃபி'. இன்றும் அவர் பெயரிலேயே புதுப் புதுப் பதிப்பு வருகிறது. எங்கள் செட்டில் பதினோரு பேருக்கு ஒரே ஒரு ஜெராக்ஸ் பிரதி. மணிக்கட்டுப் பக்கம் மட்டும் யாரோ கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் எங்கள் செட்டில் எல்லோருக்கும் மணிக்கட்டு கொஞ்சம் வீக்!

நம்ம நாட்டுக்கு வருவோம். இந்தியாவுக்கு எக்ஸ்ரே ரொம்பச் சீக்கிரமே வந்துவிட்டது. 1897-98-ல் வடமேற்கு எல்லையில் திராஹ் மலைப் பகுதியில் நடந்த சண்டையில், பீவர் என்ற ராணுவ சர்ஜன் எக்ஸ்ரே கருவியைக் கொண்டுபோய்க் குண்டு தேடினார். கண்டுபிடித்து இரண்டே வருஷத்தில்! அப்புறம் இங்கே தில்லியிலிருந்து ஒரு ராத்திரி பஸ்ஸில் போய்விடுகிற டேராடூனில் 'எக்ஸ்ரே இன்ஸ்டிட்யூட் ஆஃப் இண்டியா' என்று ஒன்று இருந்தது. அதன் சூப்பரின்டென்டன்ட் வால்டர் 1906-ல் சாதாரண டாக்டர்களுக்கும் மாணவர்களுக்குமாக எக்ஸ்ரே பற்றி ஒரு கையேடே எழுதினார்.

நமக்குப் பெருமை சென்னைதான். 1934-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி வளாகத்தில் பர்னார்ட் இன்ஸ்டிட்யூட் திறந்தார்கள். கேப்டன் பர்னார்ட் அதன் முதல் இயக்குநர், அவர் பெயர்தான் இன்றைக்கும். டாக்டர்களுக்குக் கதிரியக்கப் படிப்பு, எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாளர் படிப்பு, இரண்டுக்கும் தமிழ்நாட்டில் தாய்வீடு அதுதான். சி.ஆர்.ஏ. படித்தவர் என்று பழைய ஆட்களை இன்றும் மரியாதையோடு சொல்வார்கள்.

ஆனால் நாடு பெரிசு, இன்ஸ்டிட்யூட் கொஞ்சம். மாவட்டத்து ஆஸ்பத்திரிகளிலும் டவுன் கிளினிக்குகளிலும் எக்ஸ்ரே எடுத்தவர்களில் எத்தனையோ பேர் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவர்கள்தான். வார்டு பாயாகச் சேர்ந்து, டார்க் ரூமில் ஃபிலிம் கழுவி, ஒரு நாள் டெக்னீஷியன் லீவு போட்டதும் தானே மெஷின் பக்கம் வந்தவர்கள். அவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே அப்படி வந்த ஒருவர்தான்.

நான் 1989-ல் தென்மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். காலையில் வகுப்பு, பதினோரு மணிக்கு மேல் டிபார்ட்மென்ட். முதல் இரண்டு மாதம் டார்க் ரூம்தான். சிவப்பு விளக்கு, ஹைப்போ வாசனை, ஈரச் சுவர். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. எங்கள் ஊர் மே மாதத்தில் 20 டிகிரிக்கு எங்கே போவது? எதிர் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கித் தொட்டியைச் சுற்றிப் போடுவோம். ஐஸ் வாங்குகிற வேலை கடைசியாகச் சேர்ந்தவருக்கு, அதாவது எனக்கு.

டெவலப்பருக்குள் ஃபிலிம் மெதுவாகக் கறுத்து, விலா எலும்பு ஒவ்வொன்றாக மேலே வருமே, அதை முதல் தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். படம் வெளுத்தால் கதிர் போதவில்லை, கறுத்துப் போனால் அதிகம். ஃபிலிமே வாத்தியார். தப்பு செய்தால் அதை ஒளித்துவைக்க முடியாது, ஹேங்கரில் தொங்கும், எல்லோரும் பார்ப்பார்கள்.

மூன்றாவது மாதம் என்னை நோயாளி பக்கம் விட்டார்கள். பவர்லூமில் கை மாட்டிய ஒரு பெரியவர். இரண்டு கையையும் எடுக்கச் சொல்லிச் சீட்டு. எடுத்தேன், கழுவினேன், காயப் போட்டேன். அப்புறம்தான் பார்க்கிறேன், இடது வலது எழுத்தே வைக்கவில்லை. கேசட் மேல் வைக்கிற ஈய எழுத்து, ஆர், எல் என்று சின்னதாக இருக்கும். யாருக்குத் தெரியப்போகிறது என்று வெள்ளை மையால் ஃபிலிம் மேல் எழுதிவிட்டேன். ஞாபகத்திலிருந்துதான்.

அந்தப் பெரிய டெக்னீஷியன் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பெரியவரிடம் போய்க் கையைப் பார்த்தார். திரும்பி வந்து என் முன்னால் இரண்டு ஃபிலிமையும் வைத்தார். மாற்றி எழுதியிருந்தேன்.

"பேனாவுல எழுதுறது உன் பேச்சு. ஈயத்துல விழுறது சாட்சி. சர்ஜன் சாட்சிய நம்பித்தாம்மா கத்தி எடுப்பாரு" என்றார். அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை. நான் டார்க் ரூமுக்குள் போய் அழுதேன். அங்கே ஒரு வசதி, அழுதால் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது வருஷம் இன்னொரு பாடம். குழந்தை பெறும் வயதுப் பெண் யார் வந்தாலும், வயிற்றுப் பக்கம் படம் எடுக்குமுன் கேட்க வேண்டும், கடைசியாகக் குளித்தது என்றைக்கு என்று. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் டாக்டர், புற்றுநோயில் இறந்த குழந்தைகளின் அம்மாக்களிடமும் நல்லபடி இருக்கிற குழந்தைகளின் அம்மாக்களிடமும் ஒரே மாதிரிக் கேள்விகள் கேட்டுப் பார்த்தார். கர்ப்பமாக இருக்கும்போது வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள் முதல் கூட்டத்தில் அதிகம் என்று 1956-ல் வெளியிட்டார். பல வருஷம் அவரை யாரும் சரியாக நம்பவில்லை. கடைசியில் மருத்துவ உலகம் வழிக்கு வந்தது. அம்மாக்களிடம் கேட்டதால் கிடைத்த அறிவு அது. அதனால்தான் நாங்களும் கேட்கிறோம்.

வகுப்பில் எழுதுவது சுலபம். பத்தொன்பது வயசுப் பெண் நான், வரிசையில் ஆண்கள் நிற்கும்போது, மாமியாரோடு வந்திருக்கும் ஒரு புது மருமகளிடம் எப்படிக் கேட்பது? ஓரமாகக் கூட்டிப்போய், சேலையைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்து, "தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சுக்கா?" என்று கேட்கிற அந்த விதம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. இன்னொரு அக்கா கேட்பதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

தில்லி வந்ததும் அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது, ஹிந்தியில். நெஞ்சுப் படம் எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். 'ஸான்ஸ் ரோக்கியே' என்று சொல்ல வேண்டும். நான் மூக்கை விட்டுவிட்டு 'ஸாஸ் ரோக்கியே' என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு மாதம் முழுக்க. ஸாஸ் என்றால் மாமியார்! ஒரு பஞ்சாபி அம்மா சட்டத்தில் தாடையை வைத்தபடியே திரும்பி, "அவளை யாரம்மா தடுக்க முடியும்?" என்று ஹிந்தியில் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஃபிலிம் ஆடிப்போய் வேஸ்ட்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், ரொம்ப இழுக்காமல். கதிர் பாதுகாப்புக்கு இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-லிருந்து இருக்கிறது. நாங்கள் நெஞ்சில் மாட்டுகிற டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய்வரும். வருஷத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் ஆகக்கூடாது. பயிற்சியில் இருக்கும் 16-லிருந்து 18 வயசுப் பிள்ளைகளுக்கு 6 தான். ஐரீனுக்கு இல்லாத வேலி அது.

ஆனால் எங்கள் படிப்புக்கும் பதிவுக்கும் தேசிய அளவில் சட்டம் ஏது? நர்ஸுகளுக்கு 1947-ல் சட்டம் வந்தது. மருந்தாளுநர்களுக்கு 1948-ல். எங்களுக்கு வந்தது 2021-ல்! துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். டிப்ளமோ என்றால் குறைந்தது 2000 மணி நேரம், முழு டிகிரி என்றால் 3600 மணி நேரம் பயிற்சி என்று அதில்தான் எழுதினார்கள். அதையும் மாநிலங்கள் இழுத்தடித்து, 2024-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கெடு வைக்க வேண்டியிருந்தது.

இந்த எழுபது வருஷ இடைவெளியில் முளைத்தவைதான் மாடிக்கு மாடி இன்ஸ்டிட்யூட்டுகள். எங்கள் டிபார்ட்மென்டுக்குப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளில் சிலர், கடைசி வருஷம் வரைக்கும் ஒரு நோயாளியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். நோட்ஸ் மனப்பாடம். கழுத்துப் படத்தில் ஏழாவது எலும்பு தெரிய வேண்டும் என்று ஒப்பிப்பார்கள். விபத்தில் வந்தவரின் தோளை எப்படி இறக்கினால் அது தெரியும் என்று கேட்டால் முழிப்பார்கள். இன்னும் சிலர் நேர் எதிர். வகுப்பே நடந்திருக்காது, முதல் நாளிலிருந்து சம்பளமில்லாத ஆளாக ராத்திரி ஷிஃப்ட் பார்த்திருப்பார்கள். கை வேகமாக ஓடும், ஏன் என்று கேட்டால் தெரியாது.

முன்பாவது ஃபிலிம் காட்டிக்கொடுத்தது. இப்போது டிஜிட்டல். கதிர் இரண்டு மடங்கு போட்டாலும் கம்ப்யூட்டர் வெளிச்சத்தைச் சரி செய்து அழகான படமாகக் கொடுத்துவிடும். மூலையில் ஒரு எண் மட்டும் உண்மையைச் சொல்லும். அதைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்காவிட்டால் யாரும் பார்ப்பதில்லை. நோயாளிக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, எடுத்தவருக்கே தெரியாது. மெஷின் புத்திசாலியாக ஆக ஆகப் படிப்பு குறையும் என்று நினைக்கிறார்கள். என் அனுபவம் அப்படி இல்லை.

மாமி விஷயம். பேத்தியோடு இரண்டு காலேஜ் பார்க்க நானும் போனேன். முதலாவது பளபளவென்று கண்ணாடிக் கட்டடம், பெயர் வேண்டாம். கவுன்சிலர் பையன் ஏ.சி. லேப், ப்ளேஸ்மென்ட் என்று அளந்துகொண்டிருந்தான். "ஸ்டூடன்ட்ஸுக்கு டி.எல்.டி. பேட்ஜ் உண்டா?" என்று கேட்டேன். "பேட்ஜ், ஐ.டி. கார்டு, டை எல்லாமே ஃப்ரீ மேடம்" என்றான். மாமியின் பிள்ளை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், எழுந்துவிட்டோம்.

இரண்டாவது ஒரு பழைய ஆஸ்பத்திரியோடு ஒட்டிய காலேஜ். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. காரிடாரில் மாணவர்கள் ஒருத்தரையொருத்தர் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, மெஷினே இல்லாமல், இடுப்பைத் திருப்பிப் பழகிக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரம்மா ஒரு பெண்ணின் கையைத் தட்டி, "சொல்லாம தொடாதே, முதல்ல பேஷன்ட் கிட்ட சொல்லு" என்று அதட்டிக்கொண்டிருந்தார். மாமி என் காதில், "இங்கேயே சேர்த்துடலாமா?" என்றார்.

சேர்த்தாயிற்று. போன மாதம் அவளிடமிருந்து போன். டிபார்ட்மென்டில் முதல் வாரம்.

"ஆன்ட்டி, பட்டன் பக்கமே விடல. நாள் பூரா வீல்சேர்லேர்ந்து டேபிளுக்கு ஆளை மாத்தறதுதான் வேலை. முதுகு போச்சு."

"எழுத்து வெக்கச் சொல்லிக்குடுத்தாங்களா?"

"ஆர், எல் ரெண்டும் நானே வாங்கி வெச்சுண்டுட்டேன். சட்டைப் பையிலயே இருக்கு."

"பேட்ஜ்?"

"வந்துடுத்து ஆன்ட்டி. என் பேரு போட்டு, நம்பர் போட்டு. பாட்டிதான் அதைக் கண்ணாடி அலமாரியில வைக்கணும்னா. வீட்டுக்கே கொண்டு வரக்கூடாதுன்னு சொன்னேன், கோவிச்சுண்டுட்டா."